ராகிக் குப்பியில் ஈ அதிக நாள் வாழுது, ராகிதான் காரணமா?

களி உருண்டை (தருமபுரி), பிப்ரவரி 9, இரவு 9.40

டிரோசோபிலா (ஆய்வகத்தில் வளர்க்கிற பொடிப் பழ ஈ) ஆயுள் சோதனை, முதுகலை புராஜெக்ட். ஒரு பக்கம் வழக்கமான ரவை–வெல்ல ஊடகம், அதாவது குப்பிக்குள் ஈக்கான உணவு. இன்னொரு பக்கம் ரவைக்குப் பதிலா அதே 100 கிராம் ராகி மாவு. மற்றதெல்லாம் ஒண்ணுதான்: லிட்டருக்கு வெல்லம் 100 கிராம், கெட்டியாக்க அகர் 10 கிராம், பூஞ்சையைத் தடுக்க புரோப்பியோனிக் அமிலம் 7.5 மி.லி. குப்பிக்கு 20 ஈ, பக்கத்துக்கு 2 குப்பி. ரவைக் குப்பியில் 31-ம் நாளே பாதிக்கு மேல் காலி. ராகியில் முக்கால்வாசி இன்னும் பறக்குது. "ராகி ஆயுளை நீட்டிக்கிறது"ன்னு தலைப்பு வைக்கலாமா?

ஈக்காரன், பிப்ரவரி 9, இரவு 10.15

வைக்காதீங்க தம்பி. முதலில் ரவைக் குப்பிக்கு என்ன கேடுன்னு பாருங்க.

25 டிகிரியில், ஒழுங்கான ஊடகத்தில், கேன்டன்-எஸ் மாதிரி சாதாரண ஆய்வக ஈக்களில் பாதி சாக ஐம்பது நாளாவது ஆகணும். உங்க ரவை ஈ 31-லேயே பாதி போச்சுன்னா அங்கே முதுமை இல்லாத வேறு ஏதோ கொல்லுது. ராகி அந்தக் கொலையைத் தடுத்திருக்கலாம். நோயாளி ஈ பிழைச்சதும் ஆயுள் நீண்டதும் வேற வேற. எலி ஆராய்ச்சியிலும் இதே பஞ்சாயத்து உண்டு. கட்டுப்பாட்டு எலிகள் (ஒப்பிடறதுக்காக மருந்து கொடுக்காம வைக்கிறவை) சராசரியா 900 நாளைத் தொடலைன்னா, மருந்தால் வந்த பலனைச் சந்தேகப்படுங்கன்னு 2023-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையே வந்தது.

அஞ்சு கேள்வி. குப்பிகள் எந்தத் தட்டில் இருக்கு? ஆண் பெண் பிரிச்சீங்களா? ஈஸ்ட் எங்கே? எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்துறீங்க? எந்தத் தண்ணி?

களி உருண்டை, பிப்ரவரி 10, காலை 7.05

பிஓடி இன்குபேட்டர் (சூட்டை ஒரே அளவில் வைக்கிற பெட்டி), 25-ல் செட். ரவை மேல் தட்டு, ராகி கீழ் தட்டு. ஆணும் பெண்ணும் கலந்துதான். ஈஸ்ட் துகள் ஊடகத்து மேல ஒரு சிட்டிகை. வாரம் ஒரு தடவை மாத்தறோம். ரவை காய்ச்சின அன்னிக்கு போர் தண்ணி, ராகி அன்னிக்கு ஒகேனக்கல் தண்ணி.

ஈக்காரன், பிப்ரவரி 10, காலை 7.30

அஞ்சும் அவுட்.

தட்டு: காற்றுச் சுழற்சி சரியில்லாத பிஓடியில் மேல் தட்டு ஒன்றிரண்டு டிகிரி சூடாக இருக்கும். ஈ குளிர் ரத்த உயிர். சூடு கூடினா ஆயுள் குறையும். லோபும் நார்த்ராப்பும் 1917-லேயே ஈக்களை வச்சுக் காட்டிய விஷயம் இது. தட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர், சின்னத் தண்ணி டம்ளரில் குமிழ் முங்கினபடி வைங்க. வெறும் காற்றில் வச்சா கதவு திறந்ததும் ஆடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் குப்பிகளைத் தட்டு மாத்தி அடுக்குங்க. கரண்ட் போறதுக்கு: காலி இடத்தில் இரண்டு லிட்டர் தண்ணி பாட்டில் நாலைந்து. ஒரு மணி நேரம் தாக்குப் பிடிக்கும்.

மாற்றம்: 25 டிகிரியில் முட்டை ஈயாக மாற 10 நாள் போதும். ஏழாம் நாள் குப்பியில் புழுக்கள் ஊடகத்தைச் சேறாக்கி வச்சிருக்கும். கிழட்டு ஈ அதில் ஒட்டிச் சாகும், நீங்க அதை முதுமைக் கணக்கில் எழுதுவீங்க. ஒரு மாற்றம் மூணு நாள் தள்ளிப் போனா இன்னும் மோசம். புதுசா பொரிச்ச ஈக்கள் பழசோட கலந்துடும். பேரன் பறக்கிறதைப் பார்த்துத் தாத்தா உயிரோட இருக்கார்னு எழுதுவோம். திங்கள், புதன், வெள்ளி, வாரம் மூணு தடவை மாத்துங்க.

தண்ணி: நம்ம ஜில்லாவில் இதைச் சொல்லவே வேண்டாம். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் போர் தண்ணியில் ஃப்ளோரைடு வரம்பைத் தாண்டுறதாலதான் ஒகேனக்கல் திட்டமே வந்தது. இரண்டு ஊடகத்துக்கும் ஒரே வாலை வடிநீர். இதில் சமரசம் கிடையாது.

ஓசூர் கணக்கு, பிப்ரவரி 10, பகல் 1.20

இதையெல்லாம் சரி பண்ணினாலும் தலைப்பு நிக்காது. 100 கிராம் ரவையில் புரதம் 11 கிராம் சுற்று, ராகியில் 7 சுற்று. எடைக்கு எடை மாத்தினப்பவே புரதத்தைக் குறைச்சுட்டீங்க. ஈக்கு ஓரளவு புரதம் குறைஞ்சா ஆயுள் கூடும், முட்டை குறையும். இது ரொம்ப நாளாத் தெரிஞ்ச விஷயம். அரிசி மாவு போட்டாலும் இதே மாதிரி வந்திருக்கலாம்.

ஈக்காரன், பிப்ரவரி 10, இரவு 8.50

கணக்கு சொல்றது சரி, ஆனா பாதிதான். இவர் ஊடகத்தில் ஈஸ்ட் கலக்கலை, மேலே தூவினதோட சரி. அதனால் மாவின் புரதம் கணக்கில் வருது. பெரிய ஆய்வகங்கள் ஆயுள் சோதனைக்குப் பயன்படுத்துற சர்க்கரை–ஈஸ்ட் ஊடகத்தில் லிட்டருக்கு 100 கிராம் ஈஸ்ட் இருக்கும். அதிலேயே 45 கிராம் புரதம் வந்துடும். அங்கே மாவால் வரும் 4 கிராம் வித்தியாசம் ஒரு மூலைக்குக் காணாது.

அந்த ஊடகம் லிட்டருக்கு: சர்க்கரை 50 கிராம், காய்ந்த பிரூவர்ஸ் ஈஸ்ட் 100 கிராம், அகர் 15 கிராம், நிப்பாஜின் (பூஞ்சை தடுக்கிற பொடி) 30 கிராம், புரோப்பியோனிக் அமிலம் 3 மி.லி. அகரை முதலில் கொதிக்க வச்சுக் கரைங்க. பிறகு சர்க்கரை, ஈஸ்ட். திரும்ப ஒரு கொதி, பொங்கி வழியும், பெரிய பாத்திரம் எடுங்க. 60 டிகிரிக்கு ஆறின பிறகுதான் நிப்பாஜினும் அமிலமும். சூட்டிலேயே ஊத்தினா அமிலம் ஆவியாகி மூக்கை எரிக்கும், ஊடகத்தில் நிக்காது, நாலாம் நாள் பூஞ்சை. ரொம்ப ஆறவிட்டா அகர் திப்பி திப்பியா கட்டிடும்.

ஈக்காரன், பிப்ரவரி 10, இரவு 9.35

மேலே தப்பு. நிப்பாஜின் 30 கிராம் இல்லை, 30 மி.லி. அதுவும் 10 சதவீத எத்தனால் கரைசல். அதாவது பொடியாக 3 கிராம். யாரும் அந்தக் குறிப்பைப் பார்த்துக் காய்ச்சிடாதீங்க, புழு ஒண்ணுகூட மிஞ்சாது.

களி உருண்டை, பிப்ரவரி 11, காலை 6.50

நல்ல வேளை. தராசுல 30 கிராம் எடுத்து வச்சாச்சு.

ராகியை எப்படிச் சேர்க்கறது? போன தடவை கட்டி கட்டியா வந்தது.

ஈக்காரன், பிப்ரவரி 11, காலை 8.10

களி கிண்டுற மாதிரி கொதி தண்ணியில் மாவைக் கொட்டியிருப்பீங்க. ஈக்கு வேண்டியது கூழ்ப் பதம். 100 கிராம் மாவை 250 மி.லி. குளிர்ந்த தண்ணியில் கட்டியில்லாம கரைச்சு, கொதிக்கிற அகரில் மெல்ல ஊத்திக் கிளறிக்கிட்டே 10 நிமிஷம். வடிகட்டாதீங்க. தவிடு போயிடும், பாலிஃபீனால் (தாவரத்தில் இருக்கிற ஒரு வகை வேதிப்பொருள்) பெரும்பாலும் அதில்தான் இருக்கு. ஊத்தின குப்பிகளை மஸ்லின் துணி போட்டு ஒரு ராத்திரி ஆறவிடுங்க. உள்சுவரில் வேர்த்திருக்கும்போது ஈயைப் போட்டா றெக்கை ஒட்டிச் சாகும். ரொம்பக் காஞ்சாலும் வம்பு: ராகி ஊடகம் கண்ணாடியை விட்டு ஓரத்தில் விலகும், அந்த இடுக்கில் ஈ இறங்கி மாட்டிக்கும். குப்பிக்கு 6 மி.லி. ஊத்தி, பிளாஸ்டிக் உறை போட்டு ஃபிரிட்ஜில் வைங்க. பயன்படுத்தும் முன் வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வரவிடணும். புது ஊடகத்துக்கு மாத்தினதும் கொஞ்ச நேரம் குப்பியைப் படுக்கப் போடுங்க, மயங்கின ஈ ஊடகத்தில் விழாது.

வெல்லம் ஒரே மூட்டையிலிருந்து. வெளுப்பான வெல்லம் வேண்டாம், ஹைட்ராஸ் போட்டு வெளுத்தது. கருப்பாக இருக்கிறதே நல்லது.

ஓசூர் கணக்கு, பிப்ரவரி 11, காலை 11.00

மூணாவது வரிசை ஒண்ணு சேருங்க. 63 கிராம் ரவையில் இருக்கிற புரதம்தான் 100 கிராம் ராகியில் இருக்கு. மீதி 37 கிராமுக்குச் செல்லுலோஸ் தூள். இந்த வரிசையும் ராகி அளவுக்கு வாழ்ந்தா, காரணம் புரதக் குறைவு. ராகிக்குத் தனி மகிமை இல்லை.

ஈக்காரன், பிப்ரவரி 11, மாலை 6.30

செல்லுலோஸ் போட்டா மாவுச்சத்தும் சேர்ந்து குறையுது. அப்ப எது காரணம்னு மறுபடியும் குழம்புவோம். கார்ன்ஃப்ளார் போடுங்க, அது கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து. நாலாவது வரிசையா எதிர்ப்பக்கமும் ஒண்ணு: ராகி 100 கிராம், கூடவே கொதிக்க வச்சுக் கொன்ன ஈஸ்ட் 9 கிராம். குறைஞ்ச 4 கிராம் புரதம் திரும்பி வந்துடும். ராகியின் நீட்டிப்பு இதில் மறைஞ்சுட்டா கதை முடிஞ்சது. மறையாம நின்னா, அப்பதான் பாலிஃபீனால் பத்திப் பேசத் தொடங்கலாம்.

தூவின உயிர் ஈஸ்ட்டை நிறுத்துங்க. ராகித் தவிட்டின் பாலிஃபீனாலுக்கு நுண்ணுயிரைத் தடுக்கிற குணம் உண்டு. ஆக, ரவை மேல் ஈஸ்ட் ஒரு மாதிரியும் ராகி மேல் வேற மாதிரியும் வளரும். ஈ தின்னது எதுன்னு யாருக்கும் தெரியாது.

ஈக்காரன், பிப்ரவரி 11, மாலை 6.55

தின்னதான்னே பார்க்கணும். கசந்தா ஈ குறைச்சலாத் தின்னும்; அது பட்டினி, ராகியின் பலன் இல்லை. ஊடகத்தில் பிரில்லியன்ட் ப்ளூ சாயம் கலந்து, அரை மணி நேரம் மேயவிட்டு, உடனே உறைய வச்சு, அஞ்சஞ்சு ஈயா தண்ணியில் அரைச்சு, சுழற்றித் தெளியவச்சு 630 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளங்க. சாயமில்லாத ஈ அரைச்ச தண்ணி வெறுமை அளவுக்கு. கண் நிறமி குறுக்கே வரும், தலையைக் கிள்ளிட்டு அரைங்க. அரை மணிக்கு மேல் விட்டா சாயம் கழிவில் வெளியேறத் தொடங்கும், அளவு பொய். கூடவே 10-ம் நாள், 20-ம் நாள் பெண் ஈக்களின் முட்டையை எண்ணுங்க. முட்டை சட்டுனு குறைஞ்சிருந்தா உணவுக் குறைவு நடக்குதுன்னு அர்த்தம்.

தோத்தாபுரி (கிருஷ்ணகிரி), பிப்ரவரி 12, இரவு 9.05

பழ ஈக்கு இவ்ளோ உபசாரமா? எங்க தோப்புல மெத்தில் யூஜினால் பொறி வச்சுக் கொல்றோம்.

ஈக்காரன், பிப்ரவரி 12, இரவு 9.20

அது வேற ஈ அண்ணே. மாங்காய்க்குள் முட்டை வைக்கிறது பாக்ட்ரோசெரா, வீட்டு ஈ அளவு இருக்கும். ஆய்வகத்தில் இருக்கிறது அழுகின வாழைப்பழத்து மேல் மொய்க்கிற பொடி ஈ, மூணு மில்லிமீட்டர் கூட இருக்காது. உங்க பொறி இதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஆனா இதனால் ஒரு கேள்வி. தம்பி, உங்க ஈ எங்கே பிடிச்சது?

களி உருண்டை, பிப்ரவரி 12, இரவு 10.40

கேன்டீன் வாழைப்பழத் தோல்ல.

ஈக்காரன், பிப்ரவரி 13, காலை 7.00

அப்படின்னா அது ஒரு இனம்தானான்னே தெரியாது. நம்ம பக்கம் பழத்தோலில் மெலனோகாஸ்டரும் (ஆய்வகங்களில் வழக்கமா வளர்க்கிற இனம்) அனனாசேங்கிற இன்னொரு இனமும் சேர்ந்து மொய்க்கும். ஆண் ஈயின் முன்காலை லென்ஸில் பாருங்க: ஒரே ஒரு கருப்புச் சீப்பு இருந்தா மெலனோகாஸ்டர், குறுக்கே பல சின்ன வரிசைகள் இருந்தா அனனாசே. முதுகில் நெடுக்க வெள்ளைக் கோடு ஓடினா சாப்ரியோனஸ்ங்கிற வேற வகை ஈ. மைசூர் பல்கலைக்கழகத்து டிரோசோபிலா இருப்பு மையத்துக்குத் துறைத் தலைவர் கையெழுத்தோட கடிதம் போட்டு கேன்டன்-எஸ் அல்லது ஒரேகான்-ஆர் வாங்குங்க. வந்த குப்பியைத் தனியா வச்சு இரண்டு தலைமுறை பாருங்க, உண்ணி இருந்தா குப்பிச் சுவரில் வெள்ளைப் புள்ளியா ஊரும். உண்ணி ஒரு தடவை இன்குபேட்டருக்குள் போயிட்டா எல்லாத்தையும் தூக்கிப் போடணும்.

இன்னொண்ணு விட்டுட்டேன். புழுப் பருவம் முழுக்க நாலு வரிசைக்கும் ஒரே ஊடகம். குப்பிக்கு 60, 70 முட்டைக்கு மேல் வேண்டாம், நெரிசலில் வளர்ந்த ஈ குட்டையாகும். ஒரே நாளில் பொரிச்சதை எடுத்து, இரண்டு நாள் சேர்ந்து இருக்கவிட்டு, பிறகு ஆண் பெண் பிரிச்சு, அப்பத்தான் ராகி, ரவைன்னு பங்கு போடணும். பிரிக்க ஈதர் வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு, அதுவும் அஞ்சு நிமிஷத்துக்குள். வரிசைக்கு ஆண் 100, பெண் 100, குப்பிக்கு 10. நாலு வரிசைக்கு 80 குப்பி. ஒரு மாற்றத்துக்கு 480 மி.லி., சிந்தினது சேதாரம் சேர்த்து அரை லிட்டர் ஊடகம். இரண்டரை மாசத்துக்கு உக்கார்ந்து கணக்குப் போடுங்க. அகர் பாதியில் தீர்ந்து வேற கம்பெனி அகர் வாங்கினா கெட்டித்தன்மை மாறும்.

தோத்தாபுரி, பிப்ரவரி 13, இரவு 8.30

ஈயை விடுங்க. களி தின்ன பாட்டிங்க 105 வயசு இருக்கிறது பொய்யா?

ஓசூர் கணக்கு, பிப்ரவரி 13, இரவு 9.15

களி மேல சந்தேகம் இல்லை, 105 மேலதான். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. அதுக்கு முன்னாடி பிறந்தவங்களுக்கு வயசுன்னா "பஞ்சத்துக்கு முந்தின வருஷம்" கணக்குதான். கேட்டா 80, 85, 90ன்னு பூஜ்யத்திலும் அஞ்சிலும்தான் முடியும். நூறு வயசுக்காரங்க குவிஞ்சிருக்கிற ஊர்களின் பதிவேடுகளை நோண்டி ஓட்டை காட்டினதுக்காகத்தான் சால் நியூமனுக்கு 2024-ல் இக் நோபல் (சிரிக்க வச்சு, பிறகு யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்கான பரிசு) கொடுத்தாங்க. காகிதத்தோட நிக்கிற உச்சம் ஜான் கால்மோ, 122 வருஷம் 164 நாள். பிரான்ஸ், களி கிடையாது.

தோத்தாபுரி, பிப்ரவரி 13, இரவு 9.40

சரி, ஆயுள் கூட ரேபமைசின்னு ஒரு மாத்திரை சொல்றாங்களே. சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் வேற, அது எங்க தெருவுல பாதி வீட்டுல இருக்கு.

ஈக்காரன், பிப்ரவரி 14, காலை 6.40

இரண்டுமே இந்த இழையின் கதைதான்: உள்ளே போச்சா, எதோட ஒப்பிட்டாங்க.

ரேபமைசின் ஈஸ்டர் தீவு மண்ணின் பாக்டீரியாவிலிருந்து வந்தது. அமெரிக்காவில் மூணு இடத்தில் ஒரே நேரத்தில் எலிச் சோதனை நடத்துற திட்டம் இருக்கு. அங்கே தீவனத்தில் வெறுமனே கலந்தா மருந்து சிதையுதுன்னு கண்டுபிடிச்சு, குடலில் கரையும் பூச்சுக்குள் அடைக்கிறதுக்குள் எலிகளுக்கு 600 நாள் ஆயிடுச்சு. மனுஷக் கணக்கில் அறுபது வயசு. சரி, கிழட்டு எலிக்கே கொடுப்போம்னு கொடுத்தாங்க. 2009-ல் முடிவு: நூத்துக்குத் தொண்ணூறு எலி சாகிற வயசு பெண்ணில் 14 சதவீதம், ஆணில் 9 சதவீதம் கூடிச்சு. தாமதம்தான் அந்தச் சோதனையைப் பிரபலமாக்கினது. பூச்சு போடாம கொடுத்திருந்தா "பலனில்லை"ன்னு எழுதி மூடியிருப்பாங்க. மனுஷங்களுக்கு வாரம் ஒரு தடவை கொடுத்துப் பார்த்த 2025 சோதனையிலும் அதே வம்பு. கலவை மருந்தகத்தில் தயாரிச்ச மாத்திரையிலிருந்து ரத்தத்தில் ஏறினது கம்பெனி மாத்திரையில் மூணில் ஒரு பங்கு அளவுதான்.

மெட்ஃபார்மின்: அதே எலித் திட்டம் தனியாகக் கொடுத்துப் பார்த்து 2016-ல் ஆயுள் குறிப்பிடும்படி கூடலைன்னு சொல்லிடுச்சு. ஈயிலும் 2012-ல் அப்படித்தான். சர்க்கரைக்காகச் சாப்பிடுறவங்க டாக்டர் சொல்லாம நிறுத்தக் கூடாது. சர்க்கரை இல்லாதவங்க ஆயுளுக்காகத் தொடங்கவும் ஆதாரம் பத்தாது. வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 குறையும், அதைச் சோதிச்சுக்கங்க. ரேபமைசினை மெடிக்கல் ஷாப்பில் கேட்கவே வேண்டாம், சிறுநீரகம் மாத்தினவங்களுக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கக் கொடுக்கிறது. வாய்ப்புண், கொழுப்பு ஏறுதல், புண் ஆறாமை எல்லாம் வரும்.

ஓசூர் கணக்கு, பிப்ரவரி 14, பகல் 2.00

குரங்கை விட்டுட்டீங்க. சாப்பாட்டைக் குறைச்சா ரீசஸ் குரங்கு அதிக நாள் வாழுதுன்னு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2009-ல் சொன்னது. இல்லைன்னு அமெரிக்கத் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 2012-ல் சொன்னது. வித்தியாசம் தட்டில்தான் இருந்தது. விஸ்கான்சின் தீவனத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை, கட்டுப்பாட்டுக் குரங்குகள் இஷ்டத்துக்குத் தின்னலாம். மற்ற இடத்தில் சர்க்கரை 4 சதவீதம் சுற்று, கட்டுப்பாட்டுக் குரங்குக்கும் அளவு உண்டு. அங்கே "சாதாரண" குரங்கே ஏற்கனவே ஒழுங்காச் சாப்பிட்டது. 2017-ல் இரண்டு குழுவும் சேர்ந்து உக்கார்ந்து எழுத வேண்டியதாயிடுச்சு.

களி உருண்டை, மார்ச் 2, இரவு 8.15

மைசூர் ஈ வந்தாச்சு. மேல் தட்டு 26.8, கீழ் 24.9. நாலு வரிசையும் தொடங்கியாச்சு, லேபிளில் வெறும் எண். எது ராகின்னு எண்றவருக்குத் தெரியாது.

பறந்து போன ஈயைச் செத்ததா எழுதணுமா?

ஓசூர் கணக்கு, மார்ச் 2, இரவு 8.50

கூடாது. அது அன்னிக்கு வரைக்கும் உயிரோட இருந்ததுன்னு மட்டும்தான் தெரியும். உதாரணம்: 100 ஈ, 30-ம் நாள் 80 மிச்சம், உயிரோட இருக்கிற பங்கு 0.80. மாத்தும்போது 2 தப்பிச்சது. இப்ப கணக்கில் நிக்கிறது 78. அடுத்த எண்ணிக்கைக்குள் 6 சாவு, 78-ல் 72 பிழைச்சது. 0.80 × 72/78 = 0.738. தப்பிச்சதைச் சாவா எழுதினா 0.72 வந்திருக்கும். கை நடுங்கி ஒரே வரிசையில் நிறைய தப்பவிட்டா இந்த வித்தியாசமே "முடிவு" ஆயிடும். இப்படிக் கணக்குப் போட்டு வரையறதுதான் கேப்ளான்–மையர் வரைபடம், பிறகு வரிசைகளை ஒப்பிட லாக்-ரேங்க் சோதனை. உயிரோட இருக்கிறதை விட்டுட்டுச் செத்ததுக்கு மட்டும் சராசரி போடாதீங்க.

ஈக்காரன், மார்ச் 2, இரவு 9.10

நசுங்கினதும் தப்பிச்ச கணக்குதான். பஞ்சு அடைக்கும்போது நீங்க கொன்னதை முதுமை தலையில் கட்டாதீங்க. செத்த ஈ புதுக் குப்பிக்குக் கூடவே விழுந்தா குறிச்சு வைங்க, அடுத்த எண்ணிக்கையில் இரண்டாம் தடவை சாகாம இருக்கும்.

களி உருண்டை, ஏப்ரல் 17, காலை 7.25

47-ம் நாள். குப்பி எண் 33-ல் போன தடவை 9 இருந்தது. இன்னிக்கு சாவு இல்லை, 10 இருக்கு.

தோத்தாபுரி, ஏப்ரல் 17, காலை 7.40

மாம்பழம் வந்தாச்சுல்ல.

ஈக்காரன், ஏப்ரல் 17, காலை 7.55

அதேதான், வெளி ஈ. 33 ஆண் குப்பியா பெண் குப்பியா? பெண் குப்பின்னா பத்தில் ஆண் எதுன்னு பாருங்க, அதுதான் விருந்தாளி. எடுத்துட்டுக் குறிச்சு வைங்க. பத்தும் ஒரே பாலா இருந்தா றெக்கையைப் பாருங்க: 47 நாள் ஈயின் றெக்கை ஓரம் கிழிஞ்சு நைஞ்சிருக்கும், புதுசுக்கு முழுசா பளபளன்னு. அப்பவும் பிரிக்க முடியலைன்னா மொத்தக் குப்பியையும் இன்றைய தேதியில் கணக்கிலிருந்து எடுங்க, சாவா எழுதாம. கேன்டீன் ஜூஸ் மிக்ஸிக்கும் ஆய்வகக் கதவுக்கும் நடுவில் ஒரு ஆப்பிள் சைடர் வினிகர் டம்ளர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவுற திரவத்தோட, வைங்க.

களி உருண்டை, ஏப்ரல் 17, காலை 9.10

பெண் குப்பி. ஒண்ணு ஆண். முன்காலில் பல வரிசைச் சீப்பு.